ஒரே பீப்பாய்க்குள் மூன்று விதக் காகிதம்

சின்னவள் பிளாஸ்க்கோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஊருக்கே நல்லது நடக்கப்போகுதாம். வீட்டுப் பிள்ளை ரெண்டு வருஷம் தூக்கத்தை விட்டுப் படிச்சதுதான் யார் கண்ணுக்கும் தெரியல."

பிளாஸ்க் வாய் திறக்கவில்லை. அடுப்பருகே நின்ற பெரிய டீச்சரும் வாய் திறக்கவில்லை.

நாத்தனாரான சின்னவளுக்கும் அண்ணியான பெரிய டீச்சருக்கும் பேச்சு நின்று ஓர் ஆண்டு ஆகிறது. சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வருவாள், சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களிடம் சொல்வாள், வெந்நீரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். கோபம் முற்றிய ஒரு நாளில் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதனோடு நெடுநேரம் வாதாடியதில், பால் கெட்டுப்போனதும் உண்டு.

"பிளாஸ்க் பாவம், அதுக்கு என்ன தெரியும்?" என்றார் நாளிதழுக்குப் பின்னாலிருந்து அவளுடைய அண்ணன். "மேற்படி விஷயத்தை உங்க அண்ணிகிட்டயே கேக்கலாமே."

"நான் யார்கிட்டயும் எதையும் கேக்கல அண்ணா. கேட்ட வரைக்கும் போதும்."

கல்வி அலுவலகத்தில் ஆணைகளை எழுதும் பிரிவில் அவருக்கு வேலை. இருபது ஆண்டுகளாக 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிந்ததில்லை. வீட்டில் அவர் பெயரே மேற்படியார்தான். மனைவி மாதிரிப் பள்ளியின் தலைமையாசிரியை. தங்கை இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு இரத்தம் எடுப்பவள். அவள் கணவன் கப்பலில் இருக்கிறான், ஆண்டுக்கு ஒருமுறை கரைக்கு வருவான். ஊசி போட்டால் வலி தெரியாது, பேசினால்தான் தெரியும் என்று அவளைப் பற்றி அண்ணன் சொல்வதுண்டு.

சண்டைக்குக் காரணம் இந்த வீட்டில் பிறந்ததல்ல. அரசாங்கத்தின் கஜானாவில் பிறந்தது.

இந்த ஊரில் அரசாங்கக் காசில் நடக்கிற பள்ளிகள் நாலு வகை. நகராட்சிப் பள்ளிகள் ஒன்று. அறக்கட்டளை நடத்தி, சம்பளத்தை மட்டும் அரசாங்கம் கொடுக்கிற உதவி பெறும் பள்ளி இரண்டு. விடுதியோடு சேர்ந்த நலத்துறைப் பள்ளி மூன்று. நாலாவதுதான் மாதிரிப் பள்ளி. ஆய்வகம், நூலகம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று எல்லாம் அங்கே உண்டு. பணம் வருவது ஒரே கஜானாவிலிருந்து. ஒரு கண்ணில் வெண்ணெய், மற்ற மூன்றிலும் சுண்ணாம்பு.

அந்த வெண்ணெய்க்கு ஐந்தாம் வகுப்பின் முடிவில் நுழைவுத் தேர்வு. தேர்வு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பயிற்சி என்று ஒன்று முளைக்கும். பெரிய டீச்சர் பொறுப்பேற்ற முதல் ஆண்டே ஒன்றைக் கவனித்தாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றே பயிற்சி மையங்களின் பைகளை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அரசாங்கம் கட்டிய வீட்டுக்கு வாசற்கதவுச் சாவி வேறு யாரிடமோ இருந்தது. அதை அவள் பேசிப் பேசி, எழுதி எழுதி, நாலு ஆண்டுகள் மேலிடத்தின் படிகளைத் தேய்த்தாள். போன ஆண்டு ஆணை வந்தது. தேர்வு கிடையாது, மற்ற மூன்று வகைப் பள்ளிகளிலிருந்தும் விரும்புகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகக் குலுக்கல். ஓர் ஆண்டுக்குச் சோதனை முயற்சி. குலுக்கலில் குறை என்று வந்தால் மறுபடியும் தேர்வு.

அந்த ஆணையை எழுதியது மேற்படியார். அது வெளியான அன்று சின்னவளின் மகள் கடுகு, அந்த மூன்று பயிற்சி மையங்களில் ஒன்றில் முதல் மாணவியாக இருந்தாள்.

கடுகு இப்போது படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை, தேர்வுல தோத்தா படிக்கலன்னு அர்த்தம். குலுக்கல்ல தோத்தா என்ன அர்த்தம்?"

"ஒரு அர்த்தமும் இல்ல," என்றாள் பெரிய டீச்சர்.

கடுகு யோசித்தாள். "அப்ப நல்லதுதான்."

"நல்லதாம்," என்றாள் சின்னவள் பிளாஸ்க்கிடம். மூடியை அவள் திருகிய திருகலில் அது கத்தியது.

* * *

மாதிரிப் பள்ளியின் கூடத்தில் ஓவிய ஆசிரியர் தன் பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். தகரப் பீப்பாய்தான். மஞ்சள் பூசி, இரண்டு பக்கமும் சைக்கிள் பேரிங் வைத்து, கைப்பிடி மாட்டியிருந்தார். மூன்று வாரமாக அவருக்கு இதே வேலை.

"ஒரு சுத்து சுத்திப் பாருங்க டீச்சர். வெண்ணெய் மாதிரி ஓடும்."

சுற்றினாள். வெண்ணெய் மாதிரித்தான் ஓடியது.

பிள்ளைகளின் பெயர்ச் சீட்டுகளை அந்தந்தப் பள்ளியே தயாரித்து, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. மாதிரிப் பள்ளிக்காரர்கள் கை வைத்துவிட்டார்கள் என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காக மேற்படியார் எழுதியது. அன்று காலை எல்லாப் பள்ளிப் பிரதிநிதிகள் முன்னிலையிலும் முத்திரை பிரித்து, சீட்டுகளைப் பீப்பாய்க்குள் கொட்டியாயிற்று. பிரதிநிதிகள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

"ஒத்திகை ஒண்ணு பாத்துருவோம்," என்றாள் பெரிய டீச்சர்.

கையை விட்டாள், ஒன்றை எடுத்தாள். உதவி பெறும் பள்ளி. மறுபடி எடுத்தாள். உதவி பெறும் பள்ளி. அடுத்ததும் அதுவே. பத்துச் சீட்டு எடுத்ததில் ஒன்று நகராட்சி, மற்றதெல்லாம் உதவி பெறும் பள்ளி.

"யோகக்காரப் பிள்ளைங்க," என்றார் ஓவிய ஆசிரியர். அவர் கவனம் கைப்பிடியில் ஒட்டியிருந்த ஒரு தூசியில் இருந்தது.

சீட்டுகளைத் திரும்பப் போட்டாள், நன்றாகச் சுற்றச் சொன்னாள், மறுபடி எடுத்தாள். அதே கதை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளேயே வைத்திருந்தாள். விரல்களுக்குத் தெரிந்தது. சில சீட்டுகள் விறைப்பாக, மூலை குத்துகிற மாதிரி இருந்தன. கை போனதும் விரலுக்கு நடுவே அவைதான் வந்து நின்றன. மற்றவை துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பீப்பாயின் சுவரோடு படிந்து கிடந்தன. 

வெளியே எடுத்துப் பார்த்தாள். அறக்கட்டளைக்குச் சொந்தமாக அச்சகம் உண்டு. அவர்கள் அழைப்பிதழ் அட்டையில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். நகராட்சிப் பள்ளி, ஊதினால் பறக்கிற மெல்லிய தாளில் கையால் எழுதியிருந்தது. நலத்துறைப் பள்ளி பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தை வெட்டிப் பயன்படுத்தியிருந்தது. ஒரு சீட்டின் மறுபக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட வகுத்தல் கணக்கு பாதி தெரிந்தது.

யாரும் ஏமாற்றவில்லை. அவரவர் வீட்டில் என்ன இருந்ததோ அதை அனுப்பியிருந்தார்கள்.

பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓவிய ஆசிரியர் ஏதோ கேட்டார், அவள் காதில் விழவில்லை.

கடுகு படிப்பது உதவி பெறும் பள்ளியில்.

அட்டைச் சீட்டுதான் கையில் மாட்டும் என்பது தெரிந்தவள் இந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான். சுற்றிவிட வேண்டியது, எடுக்க வேண்டியது. எடுக்கப்போவது மண்டலக் கல்வி அதிகாரி. பிரதிநிதிகள் கையெழுத்துப் போடுவார்கள். குலுக்கல் குறையில்லாமல் முடியும், ஆணை நிலைக்கும். மாடிப்படியிலிருந்து இறங்கி வருபவள் நேராக முகத்தைப் பார்த்து "அண்ணி" என்பாள். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பது அவளுக்குக் கைவந்த கலை. வீட்டில் ஓர் ஆண்டாக அதைத்தான் செய்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். வேலைக்குப் போகிற உடுப்போடு சிலர். பிள்ளையின் தலையைத் திரும்பத் திரும்ப வாரிவிட்டபடி சிலர். தேர்வு நாட்களில் இதே மைதானத்தில் இவ்வளவு பேரை அவள் பார்த்ததில்லை. அப்போது வந்தவர்களின் முகம் வேறு.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. பிறகு எழுந்தாள். தொலைபேசியை எடுத்தாள்.

"ஏங்க, சீட்டைப் பத்தி விதியில என்ன எழுதியிருக்கீங்க?"

"மேற்படி சீட்டானது முழுத்தாளில் நாலில் ஒரு பங்கு. ரெண்டு மடிப்பு. நீல மை. ஏன்?"

"தாள் எவ்வளவு கனம் இருக்கணும்னு எழுதினீங்களா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, மேற்படி இல்லாமல் ஒரு வாக்கியம் வந்தது.

"எழுதல."

"அட்டையில வந்திருக்கு. விடைத்தாள்ல வந்திருக்கு. அட்டை மட்டும்தான் கையில மாட்டுது."

"யார் அனுப்பின அட்டை?"

"கடுகு ஸ்கூல்."

 பின்னணியில் யாரோ முத்திரை குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 

"மடிப்பு எத்தனைன்னு எழுதினேன்," என்றார் அவர் மெதுவாக. "மையோட நிறத்தைக்கூட எழுதினேன். திருடன் எந்த வழியா வருவான்னு ராத்திரி பகலா யோசிச்சேன். கனத்தை யோசிக்கல. எங்க ஆபீஸ்ல எல்லாம் ஒரே தாள்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ என்ன பண்ணப்போற?"

"சொல்லப்போறேன்."

"அதிகாரி ஒத்திப்போடுவாரு. ஒத்திப்போட்டா குறைன்னு ஆயிடும். குறைன்னு ஆனா தேர்வுதான்."

"தெரியும். பெயர்ச் சீட்டுக்குப் பதிலா விண்ணப்ப எண்ணை வெச்சுக் குலுக்க விதி இடம் கொடுக்குமா?"

"கொடுக்காது," என்றார். பிறகு, "இரு, வரேன்," என்றார்.

இருபது ஆண்டுகளில் விடுப்பு எழுதிக் கொடுக்காமல் அந்த நாற்காலியிலிருந்து அவர் எழுந்தது அன்றுதான்.

* * *

மண்டல அதிகாரிக்குத் தேர்வு பிடிக்கும். அவரே தேர்வு எழுதி மேலே வந்தவர், அதனால் மேலே இருப்பவர்கள் எல்லாரும் தகுதியால் வந்தவர்கள் என்று நம்புகிறவர். சீட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, கெட்ட செய்தியைச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டார். குரலில் மட்டும் ஒரு நிம்மதி.

"வருத்தமாதான் இருக்கு டீச்சர். ஒத்திவெச்சுட்டு மேலிடத்துக்கு எழுதுவோம்."

"வேண்டாம் சார். எண் வெச்சுக் குலுக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் விண்ணப்ப எண் இருக்கு."

"எண்ணை எதுல எழுதுவீங்க? மறுபடியும் காகிதம்தானே?"

அவள் இருப்பு அறையைத் திறந்தாள். நுழைவுத் தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு இருக்கை எண் பொறித்துக் கொடுத்த பிளாஸ்டிக் வில்லைகள் பெரிய டின்களில் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம், ஒரே வெள்ளை. இரண்டு ஆசிரியைகள் அவற்றை வரிசையாக அடுக்கிச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களுக்கு அவை போதும்.

"தேர்வுக்கு வாங்கினது," என்றார் அதிகாரி, யாரோ தன் பொருளை எடுத்துவிட்டது போல.

"அதான் சார், நல்ல தரமா வாங்கியிருக்காங்க."

ஓவிய ஆசிரியருக்கு முகம் தொங்கிவிட்டது. "பீப்பாய் வேண்டாமா டீச்சர்?"

"உள்ள நடக்குறது வெளிய தெரியணும் சார். தண்ணி வைக்கிற அந்தக் கண்ணாடித் தொட்டியை எடுத்துட்டு வாங்க. பீப்பாய் வாசல்ல நிக்கட்டும். எல்லாரும் அதோட நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க."

அது அவருக்குப் பரவாயில்லை என்று தோன்றியது.

"இதெல்லாம் சரி," என்றார் அதிகாரி. "விதியில பெயர்ச் சீட்டுன்னு இருக்கு. நீங்களும் நானும் நினைச்சா மாத்த முடியாது. எழுதினவங்க ஒருத்தர் சொல்லணும்."

வாசலில் மேற்படியார் நின்றுகொண்டிருந்தார். ஓடி வந்திருக்கிறார். கழுத்தில் அலுவலக அட்டை முதுகுப் பக்கம் திரும்பித் தொங்கியது, சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மனைவி வேலை செய்யும் பள்ளிக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை.

"எழுதினவன் வந்திருக்கேன் சார்," என்று மூச்சு வாங்கினார். ஆணையின் நகலை விரித்தார். "விதி ஏழு, சீட்டு எப்படி இருக்கணும்னு சொல்லுது. ஆனா விதி ஒண்ணு, மேற்படி குலுக்கல் 'எல்லாப் பிள்ளைகளுக்கும் சமவாய்ப்பு உறுதியாகும் வகையில்' நடக்கணும்னு சொல்லுது. ஏழு ஒண்ணை உடைக்குதுன்னா, ஏழைத் தூக்கிப் போடணும். ஒண்ணைத் தூக்கிப் போட முடியாது."

"உங்க வியாக்கியானமா?"

"நான் எழுதினது சார். என் வியாக்கியானம் இல்லாம வேற யாரோடது?"

அதிகாரி அவரைப் பார்த்தார். மைதானத்தைப் பார்த்தார். அத்தனை பேரிடம் ஒத்திவைப்பை அறிவிக்க வேண்டியது தான்தான் என்பது அவருக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும். 

"கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுங்க," என்றார்.

மேற்படியார் போட்டார்.  பெரிய டீச்சர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் எப்போதோ அவள் அவரை இப்படிப் பார்த்திருந்தாள்.

* * *

மைக் முன்னால் அவள் நீட்டி முழக்கவில்லை.

"காலையில சீட்டைப் போட்டுப் பாத்தோம். ஒரு தப்பு இருந்துச்சு. தப்பு எங்களோடது. உதவி பெறும் பள்ளியோட சீட்டு அட்டையில இருக்கு, மத்த பள்ளியோடது மெல்லிசுத் தாள்ல இருக்கு. அட்டைதான் கையில மாட்டும். அதனால அதை எடுத்து வெச்சுட்டோம். இப்ப எண் வில்லை. எல்லாம் ஒரே மாதிரி. சந்தேகம் இருக்கிறவங்க வந்து தொட்டுப் பாக்கலாம்."

கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. உதவி பெறும் பள்ளிப் பெற்றோர் நின்ற பக்கம் அது முணுமுணுப்பாக மாறியது. அவர்களுக்கு நடுவே சின்னவள், பரிசோதனை நிலையத்தின் வெள்ளைக் கோட்டோடு, கடுகின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க," என்று பெரிய டீச்சர், முன்வரிசையில் கையில் ஹெல்மெட்டோடு நின்ற ஒருவரைக் கூப்பிட்டாள். சலசலப்பில் அவர் குரல்தான் உரக்க இருந்தது. "முதல் வில்லையை நீங்களே எடுங்க."

அவர் எதிர்பார்க்கவில்லை. ஹெல்மெட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தலையில் மாட்டிக்கொண்டே மேடை ஏறினார். கூட்டம் சிரித்தது. அவர் எடுத்த எண் நலத்துறைப் பள்ளிப் பெண் ஒருத்தியுடையது. விடுதிக் காப்பாளர் எண்ணைச் சரிபார்க்க மூன்று முறை கேட்டார். நாலாவது முறை கேட்கவில்லை, அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, நல்ல உயரம். இருவரும் கொஞ்சம் தள்ளாடினார்கள்.

பிறகு எண்கள் வந்துகொண்டே இருந்தன. வில்லை எடுக்கக் கூட்டத்திலிருந்தே ஆட்கள் மாறி மாறி வந்தார்கள். நகராட்சிப் பள்ளி. உதவி பெறும் பள்ளி. நலத்துறை. நகராட்சி. மறுபடி நகராட்சி. ஒரு தாய் தன் எண்ணைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், எழுப்ப வந்தவர்களை "இருங்க, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்று விலக்கினாள். தார் படிந்த பூட்ஸோடு வந்த ஒருவர் பள்ளிக் கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இந்தச் சாலையைப் போட்டது அவர்தானாம். பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபது இடமும் முடிந்தது. கடுகின் எண் வரவில்லை.

பெரிய டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"முடிவைச் சொல்றதுக்கு முன்னாடி, ஆட்சேபம் ஏதாவது?" என்றார் அதிகாரி. விதி அது. எழுத்தில் ஓர் ஆட்சேபம் வந்தாலும் முடிவு நிறுத்தி வைக்கப்படும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

ஹெல்மெட்காரர் கை தூக்கினார். அவர் மகனுக்கும் கிடைக்கவில்லை.

"நான் எடுத்தது சரிதான். இல்லேங்கல. ஆனா கடைசி நேரத்துல எதுக்கு மாத்துனாங்க? இத்தனை நாள் சீட்டுன்னாங்க, இன்னிக்குக் காலையில வில்லைங்கிறாங்க. வேண்டியவங்களுக்குத் தோதா மாத்தியிருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

 அது நியாயமான கேள்வி. அதற்கு அவளிடம் இருந்த ஒரே பதில் தன் சொல்தான். தன் சொல்லை நம்புங்கள் என்று கேட்கிறவர்களை அவளே நம்பியதில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றாள். அதிகாரியின் பேனா தாளைத் தொட்டது.

"அவங்களுக்கு வேண்டியவங்க யாருன்னு நான் சொல்லட்டுமா?"

வெள்ளைக் கோட்டு ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தது.

"நான்தான். இவங்க என் அண்ணி. அதோ நிக்குது பாருங்க, அது என் பொண்ணு. உதவி பெறும் பள்ளி. அட்டைச் சீட்டு." சின்னவள் இடுப்பில் கை வைத்தாள். "மாத்தாம விட்டிருந்தா எங்க ஸ்கூல்தான் கொத்துக் கொத்தா வந்திருக்கும். எம்பொண்ணும் அதுல ஒண்ணா வந்திருக்கும். காலையில அதைக் கண்டுபிடிச்சது யாரு? இவங்க. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமா இல்லையா? இருந்திருக்கலாம். வாயை மூடிக்கிட்டு இருக்கிறதுல இவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. ஒரு வருஷமா நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது.

"எம்பொண்ணுக்கு ஒரு இடம் கொடுங்கன்னு கேட்டேன். அழுதேன். சண்டை போட்டேன். எங்க அண்ணனை விட்டுக் கேக்கச் சொன்னேன். பேச்சையே நிறுத்திப் பாத்தேன். அசையல. நாத்தனாரே வளைக்க முடியாத ஆளை, வேற எவன்யா வளைச்சிருப்பான்?"

சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது. உதவி பெறும் பள்ளிக்காரர்களும் சிரித்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்த தாய் எழுந்து நின்று கை தட்டினாள். பிறகு யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கும் ஒரு நாத்தனார்... எங்க வீட்டம்மாவோட நாத்தனார் இருக்கு, என் தங்கச்சி," என்றார், யாரிடம் என்று இல்லாமல். "இங்க நாத்தனார் பொண்ணுக்கே கிடைக்கலன்னா, சரிதான். எனக்கு ஆட்சேபம் இல்ல."

அதிகாரி பேனாவை மூடினார். மூடியதைப் பார்த்த பிறகுதான் பெரிய டீச்சருக்குத் தன் விரல்கள் மைக்கை எவ்வளவு இறுக்கியிருந்தன என்று தெரிந்தது. நாலு ஆண்டுகள் தேய்த்த படிகள் ஒவ்வொன்றும் அந்த மைதானத்தில் காலுக்கடியில் வந்து நின்றது போல இருந்தது. அவள் முடிவை வாசித்தாள். குரல் எங்கும் பிசகவில்லை.

வாசலில் மஞ்சள் பீப்பாயோடு போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. கிடைத்தவர்களும் நின்றார்கள், கிடைக்காதவர்களும் நின்றார்கள். ஓவிய ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பேரிங்கைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

* * *

மாலையில் சாப்பாட்டு மேசைக்கு எல்லாரும் ஒன்றாக வந்தார்கள். மேற்படியார் தன் கையெழுத்தைப் பற்றி மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏழு ஒண்ணை உடைக்குதுன்னா, ஏழைத் தூக்கிப் போடணும்னேன். அப்படியே அசந்துட்டாரு."

"மாமா, அடுத்த தடவை சொல்லும்போது நானும் கூடச் சொல்றேன், மனப்பாடம் ஆயிடுச்சு," என்றாள் கடுகு.

சின்னவள் தட்டை நகர்த்தினாள். "அண்ணி."

பெரிய டீச்சர் நிமிர்ந்தாள். அந்தச் சொல்லைக் கேட்டு ஓர் ஆண்டாயிற்று என்பதை அவள் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னிக்கு நீங்க பண்ணது சரி. அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். கடுகு ஸ்கூல்ல அஞ்சாவது வரைக்கும்தான், இனிமே அவ பக்கத்துத் தெரு நகராட்சி உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகணும். கிடைக்காத பிள்ளைங்க முக்கால்வாசி அங்கதான் போவாங்க. அந்த ஸ்கூல்ல தலைமையாசிரியர் இருக்காங்களா?"

 மேற்படியார் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"இல்ல," என்றாள் சின்னவள். "போன வாரம் அங்க இருக்கிற டீச்சர் ஒருத்தங்க ரத்தம் கொடுக்க வந்தாங்க, சொன்னாங்க. ரொம்ப மாசமா அந்த நாற்காலி காலியா கிடக்காம். யாரைப் போட்டாலும் மாறுதல் வாங்கிட்டுப் போயிடுறாங்களாம். எல்லாருக்கும் மாதிரிப் பள்ளிதான் வேணும். பிள்ளைங்களைக் குலுக்கிப் போட்டீங்களே, அண்ணி. தலைமையாசிரியருங்களையும் ஒரு தடவை அந்தத் தொட்டியில போட்டுக் குலுக்கினா என்ன?"

கடுகு சிரித்தாள். மேற்படியார் சிரிக்கவில்லை. அவர் மனசுக்குள் ஏதோ ஒரு கோப்பின் பக்கங்கள் புரள்வது முகத்தில் தெரிந்தது.

"அப்படி ஒரு ஆணை கிடையாது," என்றார்.

"கிடையாதா, முடியாதா?" என்றாள் சின்னவள்.

"முடியாதுன்னு இல்ல. மேற்படி நாற்காலிக்கு மாதிரிப் பள்ளியிலேர்ந்து யாராவது தானா வரேன்னு சொன்னா, ஒரே நாள்ல போட விதி இருக்கு. நான் எழுதின விதிதான். பத்து வருஷமாச்சு, இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

பெரிய டீச்சர் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். மைதானத்துக் கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. அந்த ஆய்வகம், அந்த நூலகம், நாலு ஆண்டுப் போராட்டத்தில் இன்றைக்குத் திறந்த அந்தக் கதவு, எல்லாம் இப்போதுதான் அவளுடையதாகியிருந்தது.

"இப்ப ஒருத்தர் கேட்டா?" என்றாள்.

மேற்படியார் கையில் எடுத்த கவளம் பாதியில் நின்றது.